மிஷின் பாத்துக்கும்

சவரிராயன் செத்துப்போனதற்குக் காரணம் அவனுடைய நிலத்தில் ஈரம் இல்லாததுதான் என்று மின்சார ஆபீசில் சொன்னார்கள்.

அவன் மனைவி மிக்கேலம்மாள் அதை நின்றபடியே கேட்டுக்கொண்டாள். கடத்தூருக்கு மேற்கே நெருஞ்சியள்ளியில் அவர்களுக்கு இருந்தது மேட்டு நிலம். கடலை பிடுங்கி வெறுமனே கிடந்த காட்டில் காற்றுக்குக் கம்பி அறுந்து விழுந்திருக்கிறது. காலையில் மாட்டைப் பிடித்துக் கட்டப் போன சவரிராயன் அதை மிதித்துவிட்டான். கம்பி அறுந்தால் கரண்டு தானாக நின்றுபோகும் என்று லைன் இழுக்கும்போது சொன்னார்களே, ஏன் நிற்கவில்லை என்று கேட்கத்தான் அவள் வந்திருந்தாள்.

"ஈரமண்ணுல விழுந்திருந்தா பூமி கரண்டை லபக்குனு இழுத்திருக்கும்மா. ஃபியூஸ் போயி லைன் நின்னிருக்கும்" என்றார் அதிகாரி. "உங்க மண்ணு காஞ்ச மண்ணு. கொஞ்சூண்டுதான் இழுத்திருக்கு. எங்க சாமான் என்ன நெனச்சிருக்கும்? எவனோ ஒரு சின்ன மோட்டார் போட்டிருக்கான்னு நெனச்சிருக்கும்."

"எங்க வூட்டுக்காரரு மோட்டாருங்களா சாமி?"

"சாமானோட கணக்குக்கு அப்படித்தாம்மா."

அதிகாரி கெட்டவர் இல்லை. அவளுக்கு டீ வாங்கி வரச் சொன்னார். இனிமேலாவது கம்பிக்குக் கீழே உள்ள இடத்தில் தண்ணீர் பாய்ச்சி எப்போதும் ஈரமாக வைத்துக்கொள்வது அவளுக்கும் நல்லது, இலாகாவுக்கும் நல்லது என்று புத்தி சொன்னார். தண்ணீர் பாய்ச்ச மோட்டார் ஓட வேண்டும். மோட்டாருக்குக் கரண்டு வேண்டும். அதை விசாரணை முடியும்வரை அவர்களே நிறுத்தி வைத்திருந்தார்கள். இதை அவள் சொன்னபோது அதிகாரி, "நல்ல பாயிண்டு" என்று பாராட்டினார்.

அதற்குப் பிறகு ஊரில் யாரும் கம்பிக்குக் கீழே நடப்பதில்லை. அடுத்த காட்டுக்காரி காசியம்மாள், தன் காட்டின் பாதியைக் கம்பி தாண்டுகிறது என்பதற்காக அந்தப் பாதியை உழுவதையே விட்டுவிட்டாள். அவளுக்கு இருந்ததே அந்தக் காடும் ஒரு கறவை எருமையும்தான். எருமையைக் கம்பி நிழல்கூடப் படாத மூலையில் கட்டினாள். "கரண்டு வெளிச்சம் கெடக்குது. நமக்கு எருமெ மிஞ்சுனாப் போதும் மிக்கேலு" என்பாள். மதத்திலும் சாதியிலும் வேறு வேறானாலும் சவரிராயன் செத்த அன்று முதல் பதினாறாம் நாள்வரை மிக்கேலம்மாள் வீட்டில் அடுப்பு எரியாதபடி சோறு கொண்டுவந்து வைத்தவள் அவள்தான்.

மறு வருஷம் நிலையம் வந்தது.

மின்பழுது விரைவுணர் ஆராய்ச்சி நிலையம் என்பது அதன் முழுப்பெயர். காய்ந்த மண்ணும் அறுந்து விழும் கம்பியும் ஒருங்கே கிடைக்கும் இடத்தைத் தேடி அவர்கள் தேசம் பூராவும் அலைந்ததாகவும், இரண்டும் இவ்வளவு செழிப்பாக வேறெங்கும் கிடைக்கவில்லை என்றும் பேசிக்கொண்டார்கள். துணை மின்நிலையத்தை ஒட்டிக் கட்டடம் எழும்பியது. உள்ளே இரண்டு பீரோ உயரத்துக்கு ஒரு இயந்திரம் வந்து உட்கார்ந்தது. அதற்கு வெயில் ஆகாது என்று அறைக்கு ஏர்கண்டிஷன் வைத்தார்கள். நெருஞ்சியள்ளியில் வெயில் ஆகாத முதல் ஜீவன் அதுதான்.

இளநிலை இன்ஜினீயராக வந்திருந்தவர் குப்புராஜ். மாரண்டஹள்ளிப் பக்கத்து ஆள், மரியாதையான பையன். சவரிராயன் விழுந்த இடத்தைப் பார்க்க வந்தவர் மிக்கேலம்மாள் வீட்டில் மோர் வாங்கிக் குடித்தார். முதல் நாளே அக்கா என்று கூப்பிட்டார். பிறகு அந்த வழியாகப் போகும்போதெல்லாம் வந்து உட்கார்ந்தார்.

"டாக்டரு நாடி பாக்குறாரில்லீங்க அக்கா, அந்த மாதிரிதான்" என்று மிஷினைப் பற்றி விளக்கினார். "கரண்டுக்கும் துடிப்பு உண்டு. மிஷினு ஒவ்வொரு துடிப்பையும் துண்டு துண்டா வெட்டி நம்பரா மாத்திக்கும். அந்த நம்பருங்களக் கூட்டிக் கழிச்சுப் பாத்துக்கிட்டே இருக்கும். எங்கியாச்சும் கம்பி விழுந்துச்சுன்னா நாடி கோணும். காஞ்ச மண்ணா இருந்தாலும் சரி, கொஞ்சமாக் கோணினாலும் சரி, கண்டுபுடிச்சு லைன நிறுத்திரும். கண்ணு சிமிட்டறதுக்குள்ள."

"போன வருசம் இது இருந்திருந்தா?"

"மாமா இன்னைக்கு இங்க உக்காந்து எங்கூட மோர் குடிச்சிருப்பாரு."

அந்த ஒரு சொல்லுக்காக மிக்கேலம்மாள் அவரைத் தம்பியாகவே எடுத்துக்கொண்டாள்.

திறப்பு விழாவைச் சவரிராயன் செத்த இடத்திலேயே வைத்தார்கள். அறிவியல் காரணம் என்றார்கள். பந்தல், மைக், பன்னீர்ச்செம்பு எல்லாம் வந்தன. அன்றைக்கு யாரும் மோட்டார் போடக் கூடாது என்று தண்டோரா போட்டார்கள். வெளிநாட்டில் படித்த இயக்குநர் மேடையேறி மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"இந்த மண்ணின் வறட்சிக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்" என்று ஆரம்பித்தார். "திரு சவரிராயன் அவர்கள் இறந்திராவிட்டால் இந்த நிலையம் இங்கே வந்திராது. அவ்வகையில் அவர் எங்கள் முன்னோடி. இனி இந்த வட்டாரத்தில் மின்சாரத்தால் ஒருவர் இறக்க வேண்டுமானால், எங்கள் இயந்திரத்தின் அனுமதி பெற்றுத்தான் இறக்க வேண்டும்!"

கைதட்டல் ஓய்ந்ததும் கம்பத்திலிருந்து கரண்டு ஓடும் கம்பி ஒன்றை அவிழ்த்துவிட்டார்கள். அது காய்ந்த மண்ணில் விழுந்து ஒரு தரம் சீறியது. அடுத்த மூச்சில் மேடை விளக்கு அணைந்தது. மிஷின் லைனை நிறுத்திவிட்டது என்று குப்புராஜ் அறிவித்தார். பிறகு மிக்கேலம்மாளைப் பார்த்து, "வாங்க அக்கா, தொட்டுப் பாருங்க" என்றார்.

அவள் போனாள். புருஷன் விழுந்த இடத்தில் குனிந்து, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, கம்பியைக் கையில் எடுத்தாள். செத்த பாம்பு மாதிரி அது சும்மா கிடந்தது. அவள் அழுத அழுகையில் பந்தலே அழுதது. அந்தப் படம் பத்திரிகையிலும் வந்தது.

மறுநாளிலிருந்து மிக்கேலம்மாள் வீடு வீடாகப் போனாள். யாரும் அவளை அனுப்பவில்லை. நிலையத்தின் தாள்களில் அச்சடித்திருந்ததை ஊரில் ஒருவரும் படிக்கவில்லை. அவள் கையைத்தான் பார்த்தார்கள். "இந்தக் கையில புடிச்சேன். ஒண்ணும் பண்ணல. மிஷின் பாத்துக்கும்" என்றாள். நிலையத்துக்காகப் புதுக் கம்பம் நடக் கூடாதென்று அதுவரை மறித்து நின்றவர்கள் வழி விட்டார்கள். காசியம்மாள் மட்டும் வெகு நாள் யோசித்தாள். கடைசியில் அவளும் விட்டுப்போன பாதியை உழுது கேழ்வரகு விதைத்தாள். எருமையைக் கம்பிக்குக் கீழே இருந்த வேப்பமர நிழலுக்குக் கொண்டுவந்து கட்டினாள். "நீ சொல்றீன்னா சரி" என்றாள்.

விழா முடிந்து ஊர்க்காரர்கள் மோட்டார் போட ஆரம்பித்தபோதுதான் தொல்லை பிடித்தது.

மோட்டார் என்பது கிளம்பும்போது ஒரு மூச்சு கரண்டை வாரி இழுத்துவிட்டுத்தான் ஓடும். மிஷின் அந்த மூச்சைக் கம்பி அறுந்ததாக எடுத்துக்கொண்டது. எவன் மோட்டார் போட்டாலும் கண் சிமிட்டுவதற்குள் ஊருக்கே கரண்டு நின்றது. மாவு மில்லுக்காரன் பெல்ட்டை மாட்டினால் நின்றது. மாதா கோயிலில் மைக் செட்டைப் போட்டால் நின்றது. பயிர் வாட ஆரம்பித்தது. ஊர்க்காரர்கள் திரண்டு நிலையத்துக்குப் போனார்கள்.

இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். "இயந்திரத்தில் பிழையில்லை. வெளிநாட்டில் இதே இயந்திரம் ஒழுங்காக வேலை செய்கிறது. அங்கே மின்சாரம் நாகரிகமாக ஓடுகிறது. இந்த மாவட்டத்து மின்சாரத்துக்கு ஒழுக்கம் போதாது. உங்கள் மோட்டார்கள் பதறிக்கொண்டு கிளம்புகின்றன. நீங்கள்தான் பழக்க வேண்டும்."

அதன்படி விவசாயிகளுக்கு மோட்டாரை நிதானமாகப் போடும் பயிற்சி நடந்தது. மூச்சை இழுத்து விட்டு, மனசை ஒருநிலைப்படுத்தி, கைப்பிடியை மெல்ல மேலே தள்ள வேண்டும் என்று ஒருவர் படம் போட்டுக் காட்டினார். எல்லோரும் அப்படியே தள்ளினார்கள். ஊருக்கே கரண்டு நின்றது. மனசு இன்னும் ஒருநிலைப்படவில்லை என்று பயிற்சியை நீட்டித்தார்கள்.

நடுவில் மாநிலம் முழுக்க மின்வெட்டு வந்தது. கரண்டே இல்லாத நேரங்களில் மிஷின் ஒரு பழுதையும் காட்டவில்லை. இயக்குநர் இதைப் பெரிய முன்னேற்றம் என்று மேலிடத்துக்குத் தெரிவித்தார்.

நிலையத்தை அசைத்தது விவசாயி இல்லை, வெயில். சித்திரை பிறந்ததும் மிஷினுக்கு உடம்பு காந்தியது. ஏர்கண்டிஷனைப் போட்டார்கள். அதுவும் ஒரு மோட்டார்தானே. அது கிளம்பிய மூச்சை மிஷின் பழுது என்று பிடித்து லைனை நிறுத்தியது. ஏர்கண்டிஷன் நின்றது. மிஷின் மேலும் காந்தியது. மறுபடி ஏர்கண்டிஷனைப் போட்டார்கள். மறுபடி நின்றது. இயக்குநர் பனியனோடு உட்கார்ந்து விசிறிக்கொண்டு, மூச்சை இழுத்து விட்டு, மனசை ஒருநிலைப்படுத்தி, தம் கையாலேயே போட்டுப் பார்த்தார். நின்றது. அன்று சாயங்காலமே நிபுணர் குழு கூடி முடிவெடுத்தது. மிஷினிலிருந்து லைனை நிறுத்தும் சுவிட்சுக்குப் போகிற ஒயரைக் கழற்றி, சுருட்டி, ஓரமாக வைத்தார்கள். இனி மிஷின் கண்டுபிடிக்கும், மணி அடிக்கும், சிவப்பு விளக்குப் போடும். நிறுத்துகிற வேலை அதற்கு இல்லை.

இதையெல்லாம் ஊருக்கு யாரும் சொல்லவில்லை. மோட்டார் போட்டால் கரண்டு நிற்பதில்லை என்பது மட்டும் தெரிந்தது. மிக்கேலம்மாளுக்கும் ஆச்சரியம். குப்புராஜ் மோர் குடிக்க வந்தபோது கேட்டாள்.

"என்னங்க தம்பி, மிஷின் திருந்திருச்சா?"

குப்புராஜ் சொம்பை வாயிலிருந்து எடுக்கவில்லை. குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "சரியாயிருச்சு அக்கா. இனிமே உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது" என்றார்.

அவள் அன்றைக்கே போய்க் காசியம்மாளிடம் சொன்னாள். "நான் சொல்லல? சரியாயிருச்சாம்."

வைகாசி மாசத்தில் ஒரு நாள் மத்தியானம், மழை வருமுன் காற்று வந்தது. புழுதி அடங்கியபோது காசியம்மாள் காட்டில் கம்பி அறுந்து வேப்பமரத்தடியில் தொங்கியது. முனை மண்ணில் கிடந்தது. எருமை மிரண்டு கயிற்றை இழுத்தது. அதை அவிழ்க்கக் காசியம்மாள் ஓடினாள். மிக்கேலம்மாள் தன் காட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கம்பி கெடக்குது, போவாதே காசீ!" என்று கத்தினாள். நம்பிக்கை வேறு, ரத்தம் வேறு. அவளுக்கே தெரியாமல் அந்தச் சத்தம் வந்துவிட்டது.

காசியம்மாள் திரும்பி, "கெடந்தா என்ன? மிஷின் இந்நேரம் நிறுத்தியிருக்குமில்ல!" என்று சிரித்தபடி சொல்லிவிட்டு எருமையின் கயிற்றுக்குக் குனிந்தாள்.

எருமை கம்பியை மிதித்தது. விழுந்தது. விழுந்த எருமையைத் தொட்ட காசியம்மாளின் வலது கை அதன் கழுத்துச் சங்கிலியோடு ஒட்டிக்கொண்டது.

மிக்கேலம்மாள் வேலிமேல் கிடந்த காய்ந்த மூங்கிலைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். அடித்து, நெம்பி, சங்கிலியிலிருந்து அந்தக் கையைப் பிரித்தாள். உயிர் இருந்தது. ஆட்கள் ஓடிவந்து காசியம்மாளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போனார்கள். கம்பி இன்னும் சீறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாரையும் விடாதீர்கள் என்று சொல்லிவிட்டு மிக்கேலம்மாள் நிலையத்துக்கு ஓடினாள்.

தூரத்திலேயே மணிச்சத்தம் கேட்டது. உள்ளே போனால் குளுகுளுவென்று இருந்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மிஷினைச் சுற்றி நின்ற எல்லார் வாயிலும் லட்டு. இயக்குநர் குப்புராஜின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"காய்ந்த மண்! நிஜப் பழுது! கண் சிமிட்டும் நேரத்துக்குள்! பிடித்துவிட்டதய்யா!" என்றவர், வாசலில் நின்றவளைப் பார்த்து, "வாங்கம்மா, நல்ல நேரத்தில் வந்தீர்கள். இவருக்கும் ஒரு லட்டுக் கொடுங்கள்" என்றார்.

"கரண்ட நிறுத்துங்க சாமி! காசியம்மா கை போயிருச்சு!"

"நிறுத்துவது லைன் பிரிவம்மா. இது கண்டுபிடிக்கும் பிரிவு. லைன் ஆள் கடத்தூர் போயிருக்கிறார். வந்ததும் சொல்கிறோம்."

மிக்கேலம்மாள் குப்புராஜைப் பார்த்தாள். "சரியாயிருச்சுன்னீங்களே தம்பி."

குப்புராஜ் ஓரமாகச் சுருட்டி வைத்திருந்த ஒயரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "ஒயரக் கழட்டியாச்சு அக்கா. மேல அப்படிச் சொல்லச் சொன்னாங்க" என்றார். சொல்லிவிட்டு அவரே வெளியே ஓடிச் சுவிட்சை இழுத்து நிறுத்தினார். அனுமதியில்லாமல் வேறு பிரிவின் சுவிட்சைத் தொட்டதற்காக அவரிடம் பிறகு விளக்கம் கேட்டார்கள்.

தர்மபுரி ஆஸ்பத்திரியில் காசியம்மாளின் வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவள் வீடு திரும்பிய பிறகு மிக்கேலம்மாள் வாசல்வரை போய்ப் போய்த் திரும்பினாள். கதவு சாத்தியே இருந்தது.

நிலையத்தில் வெற்றி விழா ஏற்பாடு நடந்தது. மிக்கேலம்மாளை ஜீப் வைத்து அழைத்துப் போனார்கள். அவள் போனதற்கு ஒரே காரணம், மைக்கில் எல்லார் முன்னாலும் ஏதாவது நியாயம் சொல்வார்கள் என்று நினைத்ததுதான்.

இயக்குநர் சொன்னார். "இயந்திரம் தன் கடமையைச் செய்தது. எருமைக்கு அறிவிக்கும் ஏற்பாடு இந்தத் திட்டத்தில் இல்லை. அடுத்த திட்டத்தில் சேர்ப்போம். திருமதி காசியம்மாள் அறிவியலுக்குக் கை கொடுத்திருக்கிறார். அதை நிலையம் மறக்காது. கண்டுபிடிப்பதற்கும் நிறுத்துவதற்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி இருக்கிறது என்பதை இந்த நிகழ்ச்சி காட்டியிருக்கிறது. அந்த இடைவெளியை ஆராயத் தனி நிலையம் ஒன்று கேட்டிருக்கிறோம்."

கைதட்டினார்கள். மேடைக்கு முன்னால் பழையபடி ஒரு கம்பம் நட்டிருந்தது. கம்பியை அவிழ்த்துவிடப் போகிறோம், போன முறை போலவே மிக்கேலம்மாள் அதைத் தொட்டு மக்களின் நம்பிக்கையைக் காட்டுவார் என்று இயக்குநர் அறிவித்தார்.

அவள் எழவில்லை. குப்புராஜ் பக்கத்தில் வந்து குனிந்தார். அவருக்கு நிஜமாகவே அவள்மேல் இரக்கம் இருந்தது. அதனால்தான் சொன்னார்.

"பயப்படாதீங்க அக்கா. சுவிட்சுக்கிட்ட ஆளு நிக்குது. நான் கையத் தூக்கினா நிறுத்திரும். போன தடவை மாதிரியேதான்."

மிக்கேலம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"போன தடவையும் ஆளுதானா?"

குப்புராஜ் மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எம்புருசன் செத்த எடத்துல வெச்சு, ஆள நிறுத்திக் கம்பியத் தொட வெச்சீங்களா தம்பி? அந்தக் கையக் காட்டித்தானே ஊரெல்லாம் சொன்னேன்?"

"பெரிய ஆளுங்க வந்திருந்தாங்க அக்கா. மிஷின நம்ப முடியாதுன்னு..."

அவள் எழுந்து மேடையேறினாள். மைக்குக்கு முன்னால் நின்ற இயக்குநரிடம், "சாமி, இந்தத் தடவை நீங்க தொடுங்க" என்றாள்.

இயக்குநருக்குக் கோபம் வரவில்லை. குழந்தை கேட்ட கேள்விக்குச் சிரிப்பதுபோலச் சிரித்தார். "இயந்திரத்தின்மேல் நம்பிக்கை வேண்டியது பொதுமக்களுக்கு அம்மா. எங்களுக்குத்தான் விவரம் தெரியுமே."

மைக் அதை ஊர் எல்லைவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நிலைய ஊழியர்கள் மட்டும், இயக்குநர் ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டார் என்பதால், கைதட்டினார்கள்.

அவர்கள் போர்த்திய சால்வையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு மிக்கேலம்மாள் நடந்து வந்தாள். ஜீப்பில் ஏறவில்லை. நேராகக் காசியம்மாள் வீட்டுக்குப் போனாள். அன்று கதவு திறந்திருந்தது. காசியம்மாள் அடுப்பின் முன்னால் இறக்கிவைத்த பானையைச் சாக்குத் துணியோடு கால்களால் அணைத்துக்கொண்டு, இடது கையில் துடுப்பைப் பிடித்துக் களி கிளறிக்கொண்டிருந்தாள். பழகாத கை. களி ஒரு பக்கமாகவே திரண்டது.

மிக்கேலம்மாள் நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். ஒயரைக் கழற்றியது, குப்புராஜ் மறைத்தது, சுவிட்சுக்கு ஆள் வைத்தது, ஒன்றும் விடவில்லை. "என்னையும் ஏமாத்திட்டானுங்க காசீ. அவனுங்கள நம்பி..."

காசியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவனுங்கள நான் எப்ப நம்புனேன்?" என்றாள். "ஒன்னத்தானே நம்புனேன்."

புகை இருவர் நடுவிலும் சுழன்றது. மிக்கேலம்மாள் உள்ளே வந்து குனிந்து, துடுப்பை வாங்கக் கை நீட்டினாள். காசியம்மாள் கொடுக்கவில்லை.